சத்தத்தை வைத்துத் தேடியது

தொண்ணூறுகளின் கடைசி வருடங்களில், சனிக்கிழமை மத்தியானங்களில், நான் கனடாவில், நான் குடியிருந்த வெக்ஸ்போர்டிலிருந்து இரண்டு பஸ் மாறி மில்லிக்கனுக்குப் போவேன். அங்கே ஒரு வீட்டின் பேஸ்மன்டில், நிலக்கீழ் அறையில் இருந்துதான் எங்கள் கருத்துக்களத்தை நடத்தினோம். நடத்தினோம் என்றால் இரண்டே பேர். மார்க்கம் என்ற பக்கத்து ஊரில் நான் வேலை செய்த அலுவலகத்தில் புரோகிராம் எழுதும் ஒருவர் இருந்தார். அவர் எழுதியதைப் பரிசோதித்துப் பிழை பிடிப்பது என் வேலை. அலுவலகத்தில் தமிழர் நாங்கள் இருவர் மட்டும் என்பதால் சீக்கிரமே அவர் எனக்கு அண்ணை ஆனார். அவருடைய மனைவி அக்கா ஆனார். அந்த மில்லிக்கன் வீடு அவர்களுடையது.

உலகம் முழுக்கச் சிதறிப்போன எங்கள் சனம் வந்து கதைப்பதற்கு இன்ரர்நெற்றில் ஒரு இடம் வேண்டும் என்பது அண்ணையின் யோசனை. அவரே எழுதி, அவரே டேட்டாபேஸ் கட்டி, மாதக் கட்டணத்துக்கு ஒரு கொம்பனியின் கணினியில் ஏற்றி வைத்தார். சமையல், படிப்பு, விசா, கிரிக்கெட் என்று பிரிவுகள் போட்டோம். யாரும் கேட்காமலே இன்னொரு பிரிவு தானாக உண்டாயிற்று. எந்தத் தலைப்பில் தொடங்கினாலும் யாராவது ஒருவர் வந்து, இன்ன ஊர், இன்ன பள்ளிக்கூடம், இவரைக் கண்டவர்கள் உண்டா என்று கேட்பார். கடைசியில் அதற்கென்றே "தேடுகிறோம்" என்று ஒரு பகுதி திறந்தோம். மற்றப் பகுதிகளை அது ஒரு மாரிகாலத்துக்குள் முந்திவிட்டது.

நானும் ஒருத்தியைத் தேடிக்கொண்டிருந்தேன். ஆனால் அந்தப் பகுதியில் நான் ஒரு வரி எழுதவில்லை. அவள் ஊரிலேயே இருக்கிறாளா, வெளியே வந்துவிட்டாளா என்பது தெரியாது. ஊரில் இருந்தால், வெளிநாட்டிலிருந்து ஒருத்தி அவள் பெயரைப் போட்டுத் தேடுவது அவளுக்கு நல்லதா கெட்டதா என்பதும் தெரியாது. அந்த நாட்களில் நாங்கள் எல்லோரும் அப்படித்தான் யோசித்தோம். களத்தில் யாரும் சொந்தப் பெயரில் எழுதுவதில்லை. அண்ணையும் நானும்கூட "நிர்வாகி" என்ற ஒரே பெயரில்தான் பதில் எழுதினோம்.

அவள் வகுப்பில் என்னோடு ஒரே வாங்குப் பலகையில் இருந்து படித்தவள். அவள் சொல்கிற கதைகளில் பாதி பொய்; கேட்பவர்களுக்கு அது தெரியும்; தெரிந்தும் சுற்றி இருந்து வாய் பார்ப்பார்கள். நான் அவளுக்குப் புளுகி என்று பெயர் வைத்தேன். என்னைத் தவிர வேறு யாரும் அவளை அப்படிக் கூப்பிட அவள் விடமாட்டாள். கதையை யாராவது நம்ப மறுத்தால் உடனே என் பக்கம் கையைக் காட்டுவாள். "நம்பாட்டி இவளைக் கேளுங்கோ." நான் முகத்தை நேராக வைத்துக்கொண்டு ஓம் என்று தலையாட்டுவேன். இதுதான் எங்கள் சினேகிதத்தின் முழுத் தொழிலும். நான் கொழும்புக்கு வந்து, அங்கிருந்து கனடாவுக்கு வந்த பிறகு அவளிடமிருந்து இரண்டு கடிதங்கள் வந்தன. பிறகு சண்டையில் ஊரே இடம்பெயர்ந்தது. அவளுடைய விலாசத்தில் அதன் பிறகு யாரும் இருக்கவில்லை.

அண்ணன் தம்பியைத் தேடி விண்ணப்பம் கொடுக்கக் கந்தோர்கள் இருக்கின்றன. சினேகிதியைத் தேடுகிறேன் என்று எந்தக் கந்தோரில் போய்ச் சொல்வது? எனக்கு இருந்தது எங்கள் களத்தின் தேடல் பெட்டி ஒன்றுதான்.

அந்தப் பெட்டி அண்ணை டேட்டாபேசுக்குள்ளேயே செய்து வைத்தது. கொடுத்த எழுத்துகளை அப்படியே எடுத்துக்கொண்டு, முதற் பதிவிலிருந்து கடைசிப் பதிவுவரை ஒவ்வொன்றாகப் பார்க்கும். ஒரு எழுத்து மாறினாலும் "எதுவும் கிடைக்கவில்லை" என்று சொல்லிவிடும். எங்கள் ஆட்களோ தமிழை இங்கிலீஸ் எழுத்தில், வாய்க்கு வந்தபடி எழுதுகிறவர்கள். சாவகச்சேரி என்ற ஒரு ஊரை 'எஸ்' போட்டும் 'சி எச்' போட்டும், ஒரு 'சி' குறைத்தும் ஒரு 'எச்' கூட்டியும் எத்தனை விதமாக எழுதினார்களோ, அத்தனை ஊராகப் பெட்டிக்கு அது தெரிந்தது. நான் அவளுடைய பள்ளிப் பெயரை எனக்குத் தெரிந்த எல்லா வகையிலும் போட்டுப் பார்ப்பேன். புளுகி என்பதையும் 'கே' போட்டு, 'ஜி' போட்டு, 'எச்' போட்டுப் பார்ப்பேன். பெட்டி யோசிக்கும். பிறகு ஒன்றும் இல்லை என்று சொல்லும். அது சொன்னதை நான் ஒருநாளும் முழுதாக நம்பவில்லை. வேறு எப்படியாவது எழுதியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டு பெட்டியை மூடுவேன். அந்த நினைப்பு இருந்ததால்தான் அடுத்த சனிக்கிழமையும் பஸ் ஏறினேன்.

பதிவுகள் கூடக் கூடத் தேடல் பெட்டி மூச்சு வாங்கத் தொடங்கியது. ஒருவர் தேடினால் மற்றவர்களுக்குப் பக்கம் திறக்காது. இடம் தந்த கொம்பனி, உங்கள் தேடல் எங்கள் கணினியைப் படுக்க வைக்கிறது, நிறுத்துங்கள் என்று எழுதியது. அங்கத்தவர்கள் முறையிட்டார்கள். தேடல் இல்லாமல் "தேடுகிறோம்" என்ற பகுதியை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அப்போதுதான் நான் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்துக்கொண்டு போனேன். களங்களுக்கென்று தனியாகத் தேடல் வசதியை விற்கிற ஒரு கொம்பனி அமெரிக்காவில் இருந்தது. அவர்களுடைய கணினி தினமும் வந்து எங்கள் பக்கங்களை எல்லாம் வாசித்து, எந்தச் சொல் எங்கே இருக்கிறது என்று தன்னிடம் குறித்து வைத்துக்கொள்ளும். தேடும்போது எங்கள் டேட்டாபேசைத் தொடவே தேவையில்லை. கண் மூடித் திறப்பதற்குள் பதில் வரும். எனக்கு ஆசை மூட்டியது அந்த வேகம் அல்ல. அதில் இன்னொரு வசதி இருந்தது. எழுத்தைப் பார்க்காமல், சத்தத்தை வைத்துத் தேடச் சொல்லலாம்.

அண்ணைக்கு அது பிடிக்கவில்லை.

"உதுக்குக் காசு கட்டிறது ஒரு பக்கம் இருக்கட்டும்," என்றார். "எங்கட ஆக்கள் எழுதினது எல்லாத்தையும் அவன் கொண்டுபோய்த் தன்ர மெசினுக்குள்ள வைக்கப் போறான். ஆர் எங்க இருக்கினம், ஆர் ஆரைத் தேடீனம், எல்லாம். நாளைக்கு அதை ஆர் பாப்பினம் எண்டு உமக்குத் தெரியுமோ?"

"களம் எல்லாருக்கும் திறந்துதானே அண்ணை கிடக்கு? இப்பவும் ஆரும் வந்து வாசிக்கலாம்தானே?"

"வாசிக்கிறது வேற, அள்ளிக்கொண்டு போறது வேற. அதோட, அவன் கடையை மூடினால் எங்கட தேடலும் மூடும். நான் எழுதினது மெதுவா எண்டாலும் எங்கட கையில இருக்கு. பிழைச்சால் நான் திருத்துவன்."

"நீங்கள் எழுதினதை நிப்பாட்டச் சொல்லித்தானே அவன் கடிதம் போட்டிருக்கிறான்?"

மேலேயிருந்து அக்கா சத்தம் போட்டார். "எப்ப போனை விடப் போறியள்? நான் ஒருக்கா அம்மாவோட கதைக்க வேணும்." இன்ரர்நெற்றும் தொலைபேசியும் ஒரே கம்பியில் இருந்த காலம் அது. நாங்கள் இணைப்பைத் துண்டித்துவிட்டு மேலே போய்த் தேத்தண்ணி குடித்தோம்.

அக்காதான் வழக்கைத் தீர்த்து வைத்தார். இரண்டு பேருடைய கதையையும் கேட்டுவிட்டு, பொரித்த ரோல்ஸ் தட்டை என் பக்கம் தள்ளிக்கொண்டே, "ஒரு மாசம் சும்மா தாறான் எண்டுதானே இவ சொல்லுறா? போட்டுப் பாருங்கோவன். பிடிக்காட்டிக் கழட்டி விடுங்கோ" என்றார். அண்ணை மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் சம்மதித்தால் செய்வது அது.

அடுத்த சனிக்கிழமை அமெரிக்கக் கொம்பனி எங்கள் களம் முழுவதையும் வாசித்து முடித்திருந்தது. சத்தத்தை வைத்துத் தேடும் முறை எப்படி வேலை செய்கிறது என்று அண்ணை ஒரு கடதாசியில் எழுதிக் காட்டினார். உயிரெழுத்துகளை எல்லாம் தள்ளிவிடும். மிச்சமிருக்கும் எழுத்துகளின் சத்தத்தை மட்டும் ஒப்பிடும். ஒரே மாதிரிச் சத்தமுள்ள எழுத்துகள் ஒரே குடும்பம். சோதித்துப் பார்க்கச் சமையல் பகுதியில் பால் என்று தேடினோம். பல் வலிக்கு மருந்து வந்தது. பல்லி விழும் பலன் வந்தது. புலி வந்தது. அண்ணை வாய்விட்டுச் சிரித்தார்.

"உது தேடல் இல்லை, கேலி" என்றார். பிறகு நாற்காலியை என்னிடம் விட்டுவிட்டு, வாசலில் கிடந்த பனியை வழிக்க மேலே போனார்.

நான் தனியாக இருந்து அவளுடைய பள்ளிப் பெயரைப் போட்டேன். ஒன்றும் இல்லை. இந்த முறை அந்த "ஒன்றும் இல்லை" எனக்கு வேறு மாதிரி இருந்தது. பழைய பெட்டி சொன்னபோது சந்தேகிக்க இடம் இருந்தது. இது எப்படி எழுதினாலும் கண்டுபிடிக்கிற பெட்டி. இது இல்லை என்றால் இல்லைதான். பிறகு புளுகி என்று அடித்தேன்.

பக்கம் பக்கமாக வந்து கொட்டியது. முதலில் எனக்கு விளங்கவில்லை. பலகை வந்தது, பலாக்காய் வந்தது, பொலிஸ் வந்தது. இவை எல்லாவற்றையும் விட அதிகமாக வந்தது பிளீஸ். 'கே', 'ஜி', 'எஸ்' எல்லாம் அதற்கு ஒரே குடும்பம் என்பதால், சத்தத்தின் கணக்கில் புளுகியும் பிளீசும் ஒன்றே. களத்தில் யார் யாரிடம் என்ன கேட்டாலும் அந்தச் சொல்லைப் போட்டுத்தான் கேட்டிருந்தார்கள். பிளீஸ், என்ர தம்பியோட முகாமில இருந்த ஆராவது இருந்தா எழுதுங்கோ. பிளீஸ், இந்தப் படத்தில வலப்பக்கம் நிக்கிறவவைத் தெரியுமோ. பிளீஸ், அப்பாவுக்கு ஏலாது, படுக்கையில, மகன் ஒருக்கா போன் எடுக்கட்டும். நான் ஒவ்வொன்றாகத் திறந்து வாசித்து மூடினேன். பாதிக்கு மேல் எனக்கு ஏற்கனவே தெரிந்த பதிவுகள். ஆனால் ஒன்றன்கீழ் ஒன்றாக இப்படி வரிசையில் நான் அவற்றைப் பார்த்ததில்லை. அக்கா ஒருமுறை இறங்கி வந்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு, தேத்தண்ணியை வைத்துவிட்டுப் போனார்.

அன்று முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் போனேன். வெளியே வெயில் பனியில் பட்டுச் சன்னலால் உள்ளே அடித்தது. பிளீஸ்களுக்கு நடுவில், பத்தோடு பதினொன்றாக, ஒரு பெயர் கிடந்தது. பதிவு எழுதினவருடைய பெயர். நான் அதை முதலில் ஏதோ பிரெஞ்சுப் பெயர் என்று தாண்டிப் போய்விட்டேன். பிறகு கை நின்றது. திரும்ப மேலே வந்து, உதட்டை அசைத்து, எழுத்துக் கூட்டி வாசித்தேன்.

பிரான்சில் இருக்கிற எங்கள் ஆட்கள் உகரத்துக்கு 'யு' மட்டும் போடுவதில்லை. 'ஓ', 'யு' இரண்டையும் சேர்த்துப் போடுவார்கள். அங்கே அப்படி எழுதினால்தான் வெள்ளைக்காரர் சரியாக வாசிப்பார்கள். பூ-லூ-கி. புளுகி.

அந்தப் பெயரில் ஐந்தாறு பதிவுகள் இருந்தன. எல்லாம் ஒரு வருடத்துக்கு மேல் பழையவை. முதலாவது, எங்கள் பக்கத்தின் தலைப்புகளில் தமிழ் எழுத்து வரவேண்டிய இடங்களில் கேள்விக்குறியும் பெட்டியுமாகத் தெரிகிறது, என்ன செய்ய வேண்டும் என்று கேட்டது. அதற்குக் கீழே நிர்வாகி பதில் எழுதியிருந்தார். இந்த எழுத்துருவை இறக்குங்கள், இந்த இடத்தில் போடுங்கள், கணினியை ஒருமுறை நிறுத்தித் திரும்பத் தொடங்குங்கள். அது என்னுடைய பதில். அந்த நாட்களில் எத்தனையோ பேருக்கு நான் ஒட்டிவிட்ட பதில். அதற்குக் கீழே அவள் எழுதியிருந்தாள்: "நிர்வாகி அவர்களுக்கு நன்றி. இப்ப தமிழ் வருது. கன காலத்துக்குப் பிறகு தமிழ் எழுத்தைப் பாக்கிறன், கண்ணுக்குள்ள தண்ணி வந்திட்டுது."

இருந்தாலும் எனக்கு நிச்சயமில்லை. புளுகி என்று யாரும் விளையாட்டாகப் பெயர் வைத்துக்கொள்ளலாம். அடுத்ததைத் திறந்தேன். அரட்டைப் பகுதியில் பேய்க் கதைகள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதில் அவள் எழுதியிருந்தது: "எங்கட பள்ளிக்கூட லாப்பில ஒரு எலும்புக்கூடு நிண்டது. சோதனைக் காலத்தில அது இடம் மாறி நிக்கும். ஒருக்கா முன்வாங்கில வந்து இருந்திட்டுது. நம்பாட்டி என்ர சினேகிதி ஒருத்தி இருக்கிறா, கனடாவிலயாம், அவவைக் கேளுங்கோ."

நான் மேலே ஓடவில்லை, சத்தம் போடவில்லை. அந்த வரியைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினேன். அது தன்பாட்டில் ஆடியது.

அவளுடைய மற்றப் பதிவுகளை மெல்ல மெல்ல வாசித்தேன். பிள்ளை ஒன்று இருந்தது. பிள்ளை தமிழில் பேச மறுக்கிறது என்று இன்னொரு தாய் எழுதியதற்கு, கோவத்தில திட்டும்போது தமிழில திட்டுங்கோ, கெதியாப் பிடிச்சிடும் என்று யோசனை சொல்லியிருந்தாள். பாரிசுக்கு வெளியே எங்கோ, நூலகம் ஒன்றில் இருந்து எழுதுகிறாள் என்பது ஒரு வரியில் தெரிந்தது. கடைசிப் பதிவு சின்னது. "நாங்கள் வீடு மாறப் போறம். அங்க பக்கத்தில கொம்ப்யூட்டர் இல்லை. எல்லாருக்கும் நன்றி, போயிட்டு வாறன்."

அண்ணை வந்தபோது நான் எழுந்து அவருக்கு இடம் விட்டேன். அவர் நின்றபடியே வாசித்தார். பிறகு இருந்து, முதலில் இருந்து திரும்ப வாசித்தார்.

"உமக்குத் தெரிஞ்ச ஆளோ?"

"ஓம் அண்ணை."

"எவ்வளவு காலமாத் தேடுறீர்?"

"களம் தொடங்கின நாளிலயிருந்து."

"எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை நீர்." கோபமாகச் சொல்லவில்லை. "நான் அந்தப் பெட்டியைச் செய்யேக்க பிரான்சை நினைக்கேல்லைப் பிள்ளை. லண்டன் எழுத்தையும் கனடா எழுத்தையும்தான் நினைச்சன்." மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "வாங்குவம். இதை வாங்குவம்" என்றார். அதன் பிறகு அமெரிக்காக்காரன் அள்ளிக்கொண்டு போவதைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. அந்த விஷயத்தில் அவர் மனம் மாறவில்லை என்று எனக்குத் தெரியும்.

பதியும்போது அவள் கொடுத்திருந்த மின்னஞ்சலுக்கு அன்றே எழுதினேன். நான் குளிருக்குக் கோட் மாட்டி முடிப்பதற்குள் அது திரும்பி வந்துவிட்டது. அப்படி ஒரு அஞ்சல் பெட்டி இல்லையாம். எலும்புக்கூட்டுக் கதைக்குக் கீழே போய், முதன்முறையாக நிர்வாகி என்ற பெயரை விட்டுவிட்டு, என் சொந்தப் பெயரில் எழுதினேன். "ஓம், உண்மைதான். நானும் கண்டனான். முன்வாங்கில வந்து இருந்தது." வேறு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. கீழே என் தொலைபேசி இலக்கத்தைப் போட்டேன்.

ஒரு வருடம் முன்னால் அவள் நன்றி சொன்னபோது நான் இன்னும் ஒரு வரி கேட்டிருந்தால் என்று நினைக்காத நாள் இல்லை. ஆனால் என்னவென்று கேட்பது? அவளும் களத்துக்கு வந்த புதிதில் என் பெயரைப் பழைய பெட்டியில் போட்டுப் பார்த்திருப்பாள். அது வழக்கம்போல ஒன்றும் இல்லை என்றிருக்கும். நாங்கள் இரண்டு பேரும் ஒரே வீட்டுக்குள் வேறு பெயரில் நடமாடியிருக்கிறோம். ஒருமுறை முகத்துக்கு முகம் நின்று எழுத்துருவைப் பற்றிக் கதைத்தும் இருக்கிறோம்.

பனி கரைந்தது. வேலைக்குப் போனேன், வந்தேன். அந்த வருடம் அலுவலகத்தில் எல்லோரும் இரண்டாயிரமாம் ஆண்டில் கணினிகள் குழம்பிவிடும் என்ற பயத்தில் இருந்தார்கள்; எனக்குச் சோதிக்க வேலை நிறைய இருந்தது. கதவைத் திறக்கும்போது தொலைபேசி அடிப்பது போலக் கேட்கும். ஓடிப் போனால் பக்கத்து வீட்டுத் தொலைபேசியாக இருக்கும், அல்லது ஒன்றுமே இருக்காது. அவளைத் தவிர வேறு நிறையப் பேர் எடுத்தார்கள். இலக்கத்தைப் பகிரங்கமாகப் போட்டால் அப்படித்தான். தங்கள் ஆட்களையும் தேடித் தரச் சொல்லிக் கேட்டார்கள். எனக்கு வாய்த்த புதுப் பெட்டியில் அவர்களுக்காகவும் தேடினேன். மன்னார்ப் பக்கத்து ஒரு அன்ரிக்கு அவருடைய மச்சாள் கிடைத்தாள், டென்மார்க்கில். இரண்டு பேரும் சேர்ந்து என்னைத் தொலைபேசியில் அழைத்து அழுதார்கள். நானும் அழுதேன். அவர்களுக்காகத்தான் அழுகிறேன் என்று அவர்கள் நினைத்தார்கள்.

கோடை முடியும் நேரத்தில், அவளைப் பற்றி நான் களத்தில் விசாரித்ததற்குப் பிரான்சிலிருந்து ஒருவர் பதில் எழுதினார். அந்த நூலகப் பக்கம் ஒரு குடும்பம் இருந்தது, பெண்சாதி நல்ல பகிடி விடுகிற ஆள், லண்டனுக்குப் போய்விட்டார்கள் என்று கேள்வி. யாரிடமோ விசாரித்து ஒரு லண்டன் இலக்கமும் அனுப்பினார். நான் எங்கள் கடைகள் இருந்த பிளாசாவில் தொலைபேசி அட்டை வாங்கிக்கொண்டு வந்து, லண்டனில் பின்னேரமாகும் நேரம் பார்த்து எடுத்தேன்.

ஒரு பெண் எடுத்தாள். "ஹலோ" என்ற ஒரு சொல்லிலேயே எங்கள் பக்கத்து ஆள் என்று தெரிந்தது. அவளில்லை என்பதும் தெரிந்தது. அவளுடைய குரலில் எப்போதும் ஒரு சிரிப்பு ஒளித்திருக்கும்.

நான் பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொன்னேன், வருடத்தைச் சொன்னேன், அவளைச் சொன்னேன்.

"இல்லையம்மா, நான் அவ இல்லை," என்றாள் அந்தப் பெண். "நாங்களும் பிரான்சில இருந்துதான் வந்தனாங்கள். ஆனா நான் வேற பள்ளிக்கூடம்."

மன்னிக்கச் சொல்லிவிட்டு வைக்கப் போனேன்.

"வையாதேங்கோ," என்றாள். "அவ எப்பிடி இருப்பா எண்டு சொல்லுங்கோ. இஞ்ச கடை, கோயில் எண்டு எல்லாரும் ஒரே இடத்துக்குத்தானே வாறம். கண்டாக் கேக்கிறன்."

நான் சொன்னேன். உயரம், நிறம், நடக்கும்போது கையை வீசுகிற மாதிரி, கதை சொல்லும்போது புருவம் மேலே போவது. சொல்லச் சொல்ல வந்துகொண்டிருந்தது. அவ்வளவும் எனக்கு நினைவிருக்கிறது என்று எனக்கே அதுவரை தெரியாது. அந்தப் பெண் இடையில் பேசாமல், ம், ம் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். பின்னால் ஒரு குழந்தை சிணுங்கியது. அதை யாரிடமோ கொடுத்துவிட்டு வந்து திரும்பவும் கேட்டாள். அட்டையில் காசு முடியப் போகிறது என்று இங்கிலீசில் ஒரு குரல் குறுக்கே வந்து சொன்னது.

"கெதியா உங்கட நம்பரைச் சொல்லுங்கோ," என்றாள். "பேனை எடுத்திட்டன்."

சொன்னேன். அவள் ஒவ்வொரு இலக்கமாகத் திருப்பிச் சொன்னாள். எல்லாம் சரியாக இருந்தது.